உறங்கும் கோப்பை எழுப்புவது யார்?

யாழிசையால் மதயானைகளையும் வசப்படுத்தும் வித்தை கைவந்த வத்தவ வேந்தன் உதயணனை நேர்நின்று வெல்வது அரிது என்று கண்ட உச்சயினி மன்னன் பிரச்சோதனன், அவ்வரசனுக்கு யானைகளின்மீதிருந்த தீராத மோகத்தையே தனக்கு ஆயுதமாக்கிக்கொண்டு, வயிற்றுக்குள் வீரர்கள் ஒளிந்திருந்த யந்திர யானை ஒன்றைக் காட்டில் நிறுத்தி அவனைச் சிறைப்பிடித்த கதை, கொங்குவேளிரின் பெருங்கதையால் தமிழர் அறிந்ததே. கிரேக்கர் டிராய் நகரத்துக்குள் நுழைந்த மரக்குதிரையின் கதை இதற்கு உடன்பிறப்பு. இரண்டிலும் பகைவன் தன் வலிமையால் வெல்லவில்லை. வெல்லப்பட்டவனுடைய விருப்பமே அவனுக்கு வழி திறந்துவிட்டது.

நம் வீட்டுக் கணினிக்குள் புகும் ட்ரோஜன் என்னும் வஞ்சக நிரலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. வைரஸ் என்பது தன்னைப் பெருக்கிக்கொண்டு பிற கோப்புகளில் ஒட்டிக்கொள்வது. புழு என்பது வலைப்பின்னலின் ஓட்டைகள் வழியே தானாகவே ஊர்ந்து செல்வது. ட்ரோஜனோ இவ்விரண்டு சிரமங்களையும் மேற்கொள்ளாமல், காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளின் பூட்டை இலவசமாக உடைத்துத் தரும் சிறு நிரலாகவோ, நாம் அனுப்பாத பார்சலுக்கு வந்த ரசீதாகவோ, ‘இப்படத்தைப் பார்க்க இதை நிறுவுக’ என்று பணிவோடு வேண்டும் வீடியோ பிளேயராகவோ வேஷமிட்டு வந்து, உடையவரின் விரலாலேயே ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தச் செய்து உள்ளே அமர்ந்துகொள்வது. அமெரிக்க விமானப் படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் தயாரித்தளித்த கணினிப் பாதுகாப்பு அறிக்கையிலேயே இவ்வகை அபாயம் இதே பெயரால் பேசப்பட்டிருக்கிறது என்பதை நோக்கினால், வீட்டுக்கு வீடு கணினி வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தத் தந்திரத்தை அறிஞர்கள் எதிர்பார்த்திருந்தனர் என்பது விளங்கும்.

ட்ரோஜன் புகுந்த கணினியைத் தெருமுனையிலுள்ள பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுசென்றால், கடைக்காரத் தம்பி திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘ஃபார்மட் போட்டுடலாம் சார்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான். அத்தீர்ப்பு பல சமயங்களில் நியாயமானதே என்பது பின்னர் விளங்கும். எனினும், அந்த நிரல் எங்கே தங்கியிருந்தது, எவ்வாறு ஒவ்வொரு நாளும் உயிர்பெற்று எழுந்தது என்பனவற்றை ஆராயாமல் அனைத்தையும் துடைத்துவிடுகிறவர், தம் கணினி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வதற்கு வாய்த்த மிக நல்ல சந்தர்ப்பம் ஒன்றைக் கைவிடுகிறார் என்பதே என் அபிப்பிராயம்.

கையால் களையப் புகுகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. வட்டில் கிடக்கும் கோப்பு, அது எவ்வளவு கொடிய நிரலாயினும், கிடக்கிறவரையில் வெறும் ஜடம். அதை நினைவகத்துக்கு ஏற்றி ஓடவிடுபவர் ஒருவர் இல்லாவிட்டால் அதனால் கடுகளவு தீமையும் செய்ய இயலாது. கணினியை அணைத்த மாத்திரத்தில் நினைவகத்திலிருந்தவை யாவும் அழிந்துபோகின்றன. ஆகையால், நேற்று உடையவரை ஏமாற்றி ஒரு தடவை ஓடிவிட்ட ட்ரோஜன், இன்றும் நாளையும் ஓடவேண்டுமாயின், கணினி விழிக்கும்போதெல்லாம் தன்னையும் எழுப்பிவிடும்படி ஓர் ஏற்பாட்டை எங்கேனும் எழுதி வைத்தே தீரவேண்டும். கோப்புக்கு எந்தப் பெயரையும் சூட்டலாம், லட்சக்கணக்கான கோப்புகளுக்கிடையே எந்த மூலையிலும் அதை ஒளித்து வைக்கலாம். எழுப்பும் ஏற்பாட்டை எழுதத்தக்க இடங்களோ ஓர் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எனவே கோப்பைத் தேடி அலைவதைவிட, அதை எழுப்பும் வரியைத் தேடுவதே விவேகம்.

இவ்வுண்மை பழமையானது. 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் வட்டு என்ற முகப்போடு சுமார் 20,000 ஃபிளாப்பி வட்டுகள் தபால் மூலம் பல நாடுகளிலுள்ளவர்களுக்கு அனுப்பப்பட்டன. பெற்றவர்களில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டோரும் இருந்தனர். ஜோசப் பாப் என்னும் உயிரியல் அறிஞர் அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பெற்ற அந்த வட்டிலிருந்த நிரல், நோய் வருவதற்குரிய வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் கேள்வி-பதில்களை மெய்யாகவே நடத்திக்கொண்டு, மறைவில் மற்றொரு காரியமும் செய்தது. அக்காலத்து டாஸ் இயங்குதளம் விழித்தவுடன் வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் ‘ஆட்டோஎக்ஸெக்’ என்னும் கோப்பை அகற்றிவிட்டுத் தன்னுடையதொன்றை அந்த ஸ்தானத்தில் வைத்து, கணினி எத்தனை முறை தொடங்கப்படுகிறது என்பதை எண்ணிக்கொண்டே இருந்து, எண்ணிக்கை 90ஐ எட்டியதும் கோப்புறைகளை மறைத்துக் கோப்புகளின் பெயர்களையெல்லாம் குழப்பிவிட்டு, பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு கட்டளையிட்டது. உடையவர் 89 முறை கணினியைத் திறந்து மூடியிருப்பார். அந்த 89 முறையும் அந்த நிரலைத் தம் கையாலேயே எழுப்பியிருப்பார். ஜிம் பேட்ஸ் என்னும் ஆங்கிலேய நிபுணர் அதை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து, நீக்குவதற்கும் பெயர்களை மீட்பதற்கும் நிரல்கள் எழுதி இலவசமாக அளித்தார்.

இனி விண்டோஸுக்கு வருவோம். மின்விசையை அழுத்தியதிலிருந்து மேசைத்திரை தோன்றுகிறவரையில் நடைபெறுவன எல்லாம் ஒரு கிரமத்துக்கு உட்பட்டவை. முதலில் இயங்குதளத்தின் கருவும், வட்டையும் திரையையும் விசைப்பலகையையும் இயக்கும் டிரைவர்களும் ஏறுகின்றன. அடுத்து, யாரும் உள்நுழையாவிட்டாலும் பின்னணியில் ஓடுகிற சர்வீஸ்கள் தொடங்குகின்றன. பிறகு ‘வின்லாகன்’ என்னும் நிரல் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டு, ‘யூசர்இனிட்’ என்பதை அழைக்கிறது. யூசர்இனிட் நம் பெயருக்குரிய ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, மேசைத்திரையையும் பணிப்பட்டையையும் வரைகிற ‘எக்ஸ்புளோரர்’ என்பதை எழுப்பித் தான் விலகிக்கொள்கிறது. கடைசியாக, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற தலைப்பின்கீழ் எழுதியிருப்பனவும், ஸ்டார்ட்அப் கோப்புறையில் கிடப்பனவும், நேரம் குறித்து வைக்கப்பட்ட பணிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ட்ரோஜன் தன்னைக் கோத்துக்கொள்ளலாம். சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது கடைசிக் கண்ணியாகிய ‘ரன்’ தலைப்பில் வந்து அமரும். சாமர்த்தியமாக எழுதப்பட்டது மேலே மேலே ஏறிக் கருவுக்கு அருகில் இடம் தேடும். எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்குக் களைவது கடினம்.

மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்னும் இருவர் எழுதிய ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி இந்த எழுப்பும் இடங்கள் அனைத்தையும் ஒரே சாளரத்தில் காட்டுகிறது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய நிறுவனத்தையே வாங்கிக்கொண்ட பின்னும் அக்கருவி இலவசமாகவே கிடைத்துவருகிறது. அதைத் திறந்து பார்ப்பவருக்கு முதலில் மலைப்புத் தட்டும். வரிகள் நூற்றுக்கணக்கில் நீண்டுகொண்டே போகும். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட வரிகளை மறைத்துவிடுமாறு அதற்குச் சொல்லிவிட்டால், எஞ்சுவன ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பிரிண்டருக்கு உரியது, ஒலி அட்டைக்கு உரியது என்று அறிந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால், வெளியீட்டாளர் பெயரில்லாமல், விளக்கம் எதுவுமில்லாமல், தற்காலிகக் கோப்புகளுக்குரிய இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு தனித்துத் தெரியும். அங்கேயும் உடனே அழித்துவிடாமல், வரிக்கு இடப்புறமுள்ள குறியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு தடவை கணினியை மறுபடியும் தொடங்கிப் பார்ப்பது நல்லது. தவறாக முடிந்தால் குறியைத் திரும்ப இட்டுக்கொள்ளலாம், அழித்ததை மீட்பதோ பெரும்பாடு.

இவையெல்லாம் எளிய ட்ரோஜன்களின் விஷயம். 2007இல் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்து, வங்கிக் கணக்குகளைக் கொள்ளையிடுவதில் உலகப் பிரசித்தி பெற்ற ‘ஸியஸ்’ என்னும் ட்ரோஜன் எவ்வாறு தன்னை நிலைநிறுத்திக்கொண்டது என்பதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்பது பயனுடையது. ஏனெனில், கையால் களைகிறவருக்கு நேரக்கூடிய இடையூறுகள் அனைத்தையும் அது ஒருங்கே கொண்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய ஒரு கணினியின் ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட் வெர்ஷன், வின்லாகன் என்று படிப்படியாக இறங்கிச் சென்றால், வலப்புறத்தில் யூசர்இனிட் என்றொரு பதிவு காணப்படும். ஆரோக்கியமான கணினியில் அப்பதிவின் மதிப்பு, சிஸ்டம்32 என்னும் கோப்புறையிலுள்ள யூசர்இனிட் நிரலின் முழு முகவரியும், அதன் இறுதியில் ஒரு காற்புள்ளியும் ஆகும். அந்தக் காற்புள்ளியைப் பிழையென்று எண்ணிவிடக் கூடாது. இன்னும் சில நிரல்களை எழுப்ப வேண்டுமாயின் தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பதற்காக அமைத்தவர்களே விட்டுவைத்த இடம் அது. ஸியஸ் செய்ததெல்லாம் அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால், அதே கோப்புறையில் தான் வைத்த ‘எஸ்டிஆர்ஏ64’ என்னும் கோப்பின் முகவரியை எழுதி, முறை தவறாமல் அதற்கும் ஒரு காற்புள்ளி இட்டு முடித்ததுதான். எழுதியவர் அறம் பிழைத்தாரேயன்றி இலக்கணம் பிழைக்கவில்லை.

அந்தக் கோப்பைக் கண்டுபிடிப்பதும் சுலபமன்று. அண்மையில் வந்த கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பது எல்லோரும் கையாளும் உபாயம். அதை முன்கூட்டியே யோசித்திருந்த ஸியஸ், இயங்குதளத்தின் மூலக் கோப்புகளுள் ஒன்றான ‘என்டிடிஎல்எல்’ என்பதன் தேதிகளைப் பிரதியெடுத்துத் தன் கோப்பின்மீது ஒட்டிக்கொண்டது. ஆகவே நேற்று வந்தது, விண்டோஸ் நிறுவப்பட்ட நாள்முதல் அங்கேயே இருப்பது போலத் தோற்றமளித்தது. பக்கத்திலேயே ‘லோசெக்’ என்ற மறைந்த கோப்புறை ஒன்றில் இரண்டு கோப்புகள்: ஒன்றில் எஜமானிடமிருந்து வந்த கட்டளைகள், மற்றொன்றில் உடையவரிடமிருந்து திருடிச் சேர்த்த கடவுச்சொற்கள்.

இப்பொழுது ஒருவர் எல்லாவற்றையும் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பை அழிக்கப் போகிறார். அது பயன்பாட்டில் இருப்பதால் அழிக்க இயலாது என்று விண்டோஸ் மறுக்கிறது. யூசர்இனிட் பதிவைத் திருத்திவிட்டு ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கிறார். பழைய வரி திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. காரணம் இதுதான்: எஸ்டிஆர்ஏ64 ஓடத் தொடங்கியவுடன் தன் குறியீட்டின் ஒரு பகுதியை வின்லாகனின் உடலுக்குள்ளேயே செலுத்திவிட்டுத் தான் மறைந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைத் தேடினால் கிடைக்காது. வின்லாகனுக்குள் குடியேறிய பகுதியோ கோப்பை இறுகப் பிடித்துக்கொண்டும், பதிவை அடிக்கடி பார்த்துத் திருத்தியதைத் திருத்திக்கொண்டும் இருக்கிறது. கோபத்தில் வின்லாகனையே நிறுத்திவிடலாமென்றால், அது இயங்குதளத்தின் ஜீவநாடி. நிறுத்திய கணமே நீலத்திரை தோன்றிக் கணினி விழுந்துவிடும். பலரும் கடைசிப் புகலிடமாக நம்பும் சேஃப் மோட் இங்கே பலிப்பதில்லை. அது ‘ரன்’ தலைப்பிலுள்ளவற்றையும் பெரும்பாலான சர்வீஸ்களையும் எழுப்பாமல் விட்டுவிடுமேயன்றி, யூசர்இனிட் பதிவை மதிக்காமல் இருப்பதில்லை. ஏனெனில் யூசர்இனிட் இல்லாமல் சேஃப் மோடுக்குள்ளும் எவரும் நுழைய முடியாது. ஸியஸை எழுதியவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் அதுவே.

பரிகாரம் என்னவெனில், அந்த விண்டோஸை விழிக்கவிடாமலே அதன் வட்டைத் திறப்பது. எக்ஸ்பி குறுவட்டிலேயே இருந்த ரெகவரி கன்சோல் என்னும் கறுப்புத் திரையின் மூலமோ, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட ஒரு குறுவட்டின் மூலமோ கணினியைத் தொடங்கினால், அதன் வட்டு வெறும் சரக்கறையாகக் கிடக்கும். அதிலுள்ள நிரல் ஒன்றும் ஓடாது. எஸ்டிஆர்ஏ64 மறைவு நீங்கி வெளிப்படையாகத் தெரியும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு விண்டோஸைத் தொடங்கினால், யூசர்இனிட் வழக்கம்போல எழும்; அடுத்த பெயரைத் தேடும்; காணாமல் பேசாதிருந்துவிடும். எதிர்ப்பதற்கு ஒருவருமில்லாத அந்த நிலையில் பதிவைத் திறந்து முதற் காற்புள்ளிவரை வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடலாம். இம்முறை அது திரும்பி வராது.

பெயரை மாற்றச் சொன்னதற்கும், வரிசையை வற்புறுத்தியதற்கும் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டளவில் பரவிய ஒரு விளம்பரச் செயலி, ஸியஸைப் போலக் காற்புள்ளிக்குப் பின்னால் ஒதுங்கி நில்லாமல், யூசர்இனிட்டின் பெயரையே நீக்கிவிட்டு ‘டபிள்யூஎஸ்ஏஅப்டேட்டர்’ என்ற தன் நிரலின் பெயரை அங்கே எழுதிவைத்தது. துப்புரவுக் கருவிகள் அந்த நிரலைக் குற்றவாளி என்று சரியாகக் கண்டு அழித்தன. பதிவிலிருந்த வரியையோ திருத்தவில்லை. விளைவு விபரீதமாயிற்று. உடையவர் தம் பெயரைச் சொடுக்குவார். ‘உங்கள் அமைப்புகள் ஏற்றப்படுகின்றன’ என்று திரை சொல்லும். வின்லாகன் தனக்கு எழுதிக்கொடுத்த பெயரைத் தேடிக் காணாமல், அடுத்த நொடியே அவரை வெளியேற்றிவிடும். மறுபடி நுழைவார், மறுபடி வெளியேற்றப்படுவார். சேஃப் மோடிலும் அதே கதை. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் மிகவும் நயமானது: ரெகவரி கன்சோலுக்குள் சென்று, நல்லதான யூசர்இனிட் நிரலைப் பிரதியெடுத்து, அப்பிரதிக்கு டபிள்யூஎஸ்ஏஅப்டேட்டர் என்று கள்வனின் பெயரையே சூட்டிவிடுவது. வின்லாகன் தேடும் பெயர் கிடைத்துவிடும், அந்தப் பெயரில் இருப்பதோ நல்ல நிரல், கதவு திறக்கும், உள்ளே சென்றபின் பதிவை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். மருந்தே நோயினும் கொடிதாகிய அந்நாட்களில், ஒரே ஒரு பிரதி ஆணையால் பலருடைய கணினிகள் பிழைத்தெழுந்தன. இக்கலையில் நான் அறிந்தவற்றுள் இதைப்போல எனக்கு உவப்பளித்தது வேறொன்றுமில்லை.

பெயர் என்றவுடன், பெயரால் ஏமாற்றும் சிறு வித்தைகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பல சர்வீஸ்களைத் தாங்கி நிற்கும் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்னும் மெய்யான நிரல் எப்பொழுதும் பல பிரதிகளாக ஓடிக்கொண்டிருக்கும். அக்கூட்டத்தில் எஸ்-வி-சி என்று வரவேண்டிய எழுத்துகளை எஸ்-சி-வி என்று முறைமாற்றி ஒன்று நின்றால் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எல்’லும் பேரெழுத்து ‘ஐ’யும் திரையில் ஒன்றுபோலவே தோன்றுவதைப் பயன்படுத்திக்கொண்டவையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரே விடை, பெயரை நம்பாமல் முகவரியைப் பார்ப்பதுதான். எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து ஓடவேண்டும். உடையவரின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து அது ஓடுமானால் விசாரணை முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இன்னும் துணிந்தவை, பெயரை மாற்றுவதோடு நில்லாமல், கேட்பவருக்கே பொய் சொல்லும்படி இயங்குதளத்தைப் பழக்கிவிடுகின்றன. இன்ன கோப்புறையில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று நாம் கேட்கும் கேள்வி பல கைகள் மாறி வட்டைச் சென்றடைகிறது; விடையும் அவ்வழியே திரும்புகிறது; நடுவில் ஒருவர் அமர்ந்துகொண்டு தம் பெயரை மட்டும் அழித்துவிட்டு மீதியை அனுப்பினால், கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. ரூட்கிட் என்று இதைச் சொல்வர். இதில் விசேஷம் என்னவென்றால், உலகம் இதைப் பரவலாக அறிந்துகொண்டது திருடர்களால் அன்று. ‘சோனி பிஎம்ஜி’ இசை நிறுவனம் பாட்டுக் குறுவட்டுகளைப் பிரதியெடுக்காமல் காப்பதற்காக அவற்றில் சேர்த்திருந்த நிரலொன்று, இரண்டு டாலர் குறிகளுக்கிடையே ‘சிஸ்’ என்ற எழுத்துகள் வரும்படி தொடங்கும் பெயருடைய கோப்புகளையெல்லாம் கண்ணுக்கு மறைத்தது. முன்னர்க் குறித்த ருசினோவிச் தம் கணினியிலேயே அதைக் கண்டுபிடித்து 2005 அக்டோபர் 31ஆம் தேதி வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் ஆழமானது. ஒரே கேள்வியை விண்டோஸின் வாயிலாக ஒரு முறையும், வட்டின் அடித்தளத்தை நேரே படித்து ஒரு முறையும் கேட்பது. இரண்டு விடைகளும் ஒவ்வாத இடத்தில் மறைவு இருக்கிறது. நோயுற்ற கணினியை அதன் சொந்தச் சாட்சியத்தைக் கொண்டே விசாரித்தல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

சில வேளைகளில் மறைந்திருப்பவை தாமே காலை இடறிக்கொள்வதும் உண்டு. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட எத்தனையோ கணினிகள் நீலத்திரையோடு விழுந்து, எழுப்ப எழுப்ப மீண்டும் விழுந்தன. பழியெல்லாம் திருத்தத்தின்மீது சுமத்தப்பட்டு, அதன் விநியோகமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது, அவ்வாறு விழுந்தவற்றில் ‘அலூரியன்’ என்னும் ரூட்கிட் குடியிருந்தது தெரியவந்தது. வட்டை இயக்கும் டிரைவருக்குள் புகுந்திருந்த அது, கருவின் இன்ன பகுதி நினைவகத்தில் இன்ன இடத்தில்தான் இருக்கும் என்று நிச்சயித்து எழுதப்பட்டிருந்தது. திருத்தம் அந்த இடங்களை நகர்த்திவிடவே, தவறான இடத்தில் கால் வைத்து முழுக் கணினியையும் தள்ளிவிட்டது. சில நாட்களுக்குள் அதை எழுதியவர்களும் தங்கள் நிரலுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டுக் குறையைப் போக்கிக்கொண்டார்கள் என்பது இதில் வேடிக்கையான பகுதி.

கோப்பையும் களைந்து, வரியையும் திருத்தியாயிற்று. காரியம் முடிந்ததா என்றால், இல்லை. ட்ரோஜன் ஓடியபோது கணினியின் அமைப்புகளில் செய்துவைத்த மாறுதல்கள், அது போனபின்னும் இருந்துகொண்டேயிருக்கும். இதற்கு மகத்தான சான்று ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ என்பது. இணையத்தில் ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டச்சு செய்தவுடன் அதற்குரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் உண்டு. எந்தச் சர்வரைக் கேட்பது என்பதற்கான எண் கணினியில் ஓர் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். இந்த ட்ரோஜன் அந்த எண்ணை மாற்றித் தன் எஜமானர்களின் சர்வரைக் கேட்கும்படி செய்தது. வீட்டு ரௌட்டர்களின் கடவுச்சொல்லை எவரும் மாற்றாமல் விட்டிருந்தால் அவற்றுக்குள்ளும் புகுந்து அதே மாற்றத்தைச் செய்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதாயினர். 100க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் இவ்வலையில் சிக்கியிருந்ததாகவும், கும்பல் ஈட்டிய பணம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குக் குறையாது என்றும் அமெரிக்க எஃப்பிஐ அறிவித்தது. இங்கே அதிகாரிகளுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. கள்வர்களின் சர்வர்களை உடனே அணைத்துவிட்டால், அவற்றையே கேட்டுப் பழகிய லட்சோபலட்சம் அப்பாவிகளுக்கு ஒரே நாளில் இணையமே இல்லாது போய்விடும். ஆதலால், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதே எண்களில் நல்ல சர்வர்களை நிறுத்தி, மக்கள் தங்கள் கணினிகளைச் சரிசெய்துகொள்ளும்வரை மாதக்கணக்கில் நடத்திவந்தார்கள். 2012 ஜூலை 9ஆம் தேதி அவை நிறுத்தப்பட்டபோதும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் பழைய எண்ணையே கேட்டுக்கொண்டிருந்தன.

ஆகையால் களைந்தபின் பார்க்கவேண்டியன சில உண்டு. டிஎன்எஸ் எண், பிரவுசரின் பிராக்ஸி அமைப்பு, சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ் கோப்புறையின் அடியில் கிடக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு உரைக்கோப்பு (ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்களை இதில் எழுதி, அவற்றை அணுகமுடியாமல் செய்துவிடுவது ட்ரோஜன்களின் வழக்கம்), பிறகு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்டுகள். கடைசியாகச் சொன்னவற்றில் களைந்த கோப்பின் பிரதி பத்திரமாக உறங்கிக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் என்றோ ஒரு நாள் பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், துப்புரவு முடிந்தபின் பழையவற்றை நீக்கிப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்வது நலம்.

கையால் களைவதற்கு எல்லை உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. 2014இல் தலைகாட்டிய ‘பவலிக்ஸ்’ என்பது வட்டில் கோப்பு என்று ஒன்றையுமே வைக்கவில்லை. தன் முழு நிரலையும் ரெஜிஸ்ட்ரிக்குள்ளேயே எழுதிக்கொண்டு, ‘ரன்’ தலைப்பின்கீழிருந்த தன் பதிவுக்கு, ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டும் கருவி படிக்கவே முடியாத ஓர் எழுத்தைப் பெயராக இட்டுவைத்தது. அழிப்பதற்குக் கோப்பே இல்லை. எழுப்பும் வரி மட்டுமே உண்டு. இதற்கும் அப்பால், கென் தாம்சன் ட்யூரிங் விருதை ஏற்று ஆற்றி 1984இல் வெளியான உரையில் காட்டியது இருக்கிறது: நிரல்களை உருவாக்கித் தரும் கம்பைலருக்குள்ளேயே வஞ்சகத்தைப் புகுத்திவிட்டால், மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் அதன் சுவடு தென்படாது. வீட்டுக் கணினிக்கு அத்தனை பாடுபட்டு எவரும் வரமாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் ஒரு ட்ரோஜன் நிர்வாகி அதிகாரத்தோடு பல நாட்கள் ஓடியிருந்தாலோ, அது வேறு பல நிரல்களை இறக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததாயிருந்தாலோ, கண்டு களைந்தது ஒன்றாயினும் காணாமல் விட்டது எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்? அங்கேதான் கடைக்காரத் தம்பியின் தீர்ப்பு நியாயமாகிறது. வங்கிக் கணக்கைக் கையாளும் கணினியாயின், களைந்து கற்றுக்கொண்டபின், ஆவணங்களையும் புகைப்படங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே என் வழக்கம். கேட்பவர்களுக்கும் அதையே சொல்லிவருகிறேன்.

எது செய்யினும், சந்தேகம் தோன்றிய அந்தக் கணத்திலேயே இணைய இணைப்பைத் துண்டிப்பதுதான் முதற்காரியம். ஸியஸைப் போன்றவை திரட்டியதை அனுப்புவதும் புதிய கட்டளை பெறுவதும் அவ்வழியேதான். கடவுச்சொற்களை மாற்றுவது அடுத்தது. அதையும் நோயுற்ற கணினியிலிருந்து செய்தால், புதிய சொல்லையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாக முடியும் என்பதால், சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொரு கருவியிலிருந்து, மற்றவற்றின் கடவுச்சொல்லை மீட்கும் கடிதங்களெல்லாம் வந்து சேரும் மின்னஞ்சலை முதலிலும், வங்கியை அடுத்தும் மாற்றவேண்டும். ஸியஸ், வங்கியின் மெய்யான பக்கம் திரைக்கு வருகிற வழியிலேயே அதை மறித்து, ஏடிஎம் அட்டையின் பின் எண்ணைக் கேட்கும் ஒரு கட்டத்தைத் தானாகச் சேர்த்துவிடும் ஆற்றல் பெற்றிருந்தது. வங்கியின் பக்கம் வழக்கத்துக்கு மாறாக அத்தகைய எதையேனும் கேட்டதாகவும், அதில் எண்ணை இட்டதாகவும் நினைவிருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதோடு நில்லாமல் வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லி அந்த அட்டையை முடக்கிவிட வேண்டும்.